லாம்

பிர்னோ. இரவு பதினொன்றே முக்கால்.
கடைசி ட்ராம் ஜன்னலை உலுக்கிவிட்டுப் போனபின்
ஆய்வக அறிக்கை என் மேசைக்கு வந்தது.
பதினெட்டுப் பக்கம்.
எழுதியவர் லிபுஷே ஹவ்ரான்கோவா.

எட்டு மாதமாக
மடிக்கணினிகளின் வயிற்றைத் திறந்து,
நினைவகச் சில்லின்மேல் குளிரைப் பீய்ச்சி,
மின்சாரம் போனபின்னும்
போக மனமில்லாமல் நிற்கும் எண்களை
அளந்துகொண்டிருந்தார்.
நாற்பது முறை முயன்றதில் மூன்று முறை
சாவி கைக்கு வந்திருக்கிறது.

பழைய சில்லாக இருக்க வேண்டும்.
கணினி அணையாமல் தூங்க வேண்டும்.
திருடன் பக்கத்திலேயே நிற்க வேண்டும்,
கையில் திருகாணியோடு, குளிர்ப்புட்டியோடு.
ஒன்பது நொடி.
குறியாக்கம் உடையவில்லை என்று
ஏழாம் பக்கத்தில் அடிக்கோடிட்டிருந்தார்.

எனக்கு இரண்டு பத்தி அகலம்,
எழுத்து பெரிது.

முதலில் "பழைய" போயிற்று.
"ஒன்பது நொடி" கொஞ்சம் முரண்டு பிடித்தது,
அதுவும் போயிற்று.
கடைசியில் "உடையலாம்".
அதன் வாலில் தொங்கிய அந்த "லாம்":
ஒரு சந்தேகத்துக்கு இவ்வளவு இடமா?
வெட்டினேன்.
"கணினிப் பூட்டு உடைந்தது"
கச்சிதமாகப் பொருந்தியது,
அளவெடுத்துத் தைத்த சட்டைபோல.

காலையில் லிபுஷே அழைத்தார்.
கோபப்படவில்லை.
"ஏழாம் பக்கம் படித்தீர்களா?"
"படித்தேன்."
படிக்காமல் இருந்திருந்தால்
அந்த மௌனம் அவ்வளவு நீண்டிருக்காது.

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில்
பல் மருத்துவர் ஓட்டகார் ஷிமெக்.
செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் செருகியபடி
லிஃப்டில் சொன்னார்:
"உடைந்த பூட்டுக்கு எதற்கு ஐயா தினமும் கடவுச்சொல்?
எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.
இப்போது சட்டென்று திறக்கிறது."
நான் தரைகளின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நான்கு. மூன்று. இரண்டு.

மார்ச் மாதம், ரயில் நிலையக் காப்பிக்கடை.
அவர் சர்க்கரை எடுக்கத் திரும்பிய நேரம்
பை போய்விட்டது.

எடுத்தவனிடம் குளிர்ப்புட்டி இல்லை,
திருகாணி இல்லை,
ஒன்பது நொடி என்ற அவசரமும் இல்லை.
மூடியைத் தூக்கினான்.
நானூற்றுச் சொச்சம் பேரின் பற்களும்
பிறந்த நாட்களும்
வங்கி எண்களும்
பல்லை இளித்துக்கொண்டு நின்றன.

எங்கள் திருத்தம் அதற்கு முந்தைய வாரமே வந்தது,
இருபத்திரண்டாம் பக்கத்தில்,
டயர் விளம்பரத்துக்குக் கீழே.
அங்கே இடம் தாராளம்.
"லாம்" திரும்பி வந்து
ஓரமாக உட்கார்ந்தது,
பந்தி முடிந்து இலை எடுத்தபின்
கைகழுவி வந்தவன்போல.