எதிர்முகம்

காப்பி டப்பாவுக்குள் கைவிட்டுச் சீட்டெடுத்த மாரிசெலா
ஒரு கணம் வாசிக்காமல் நின்றாள்.
"தலைக்கு வெல்டா ராமேஜ்.
காலுக்கு..."
என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி,
"வேணும்னா திரும்பக் குலுக்கட்டுமா?"

போர்ட்டாலஸில் வியாழன் மாலை.
கடலை வயல்களுக்கு நடுவே
ஆறு விளக்குக் கம்பம், வேலியிட்ட மணல் களம்.
இருபது டாலர் கட்டினால் யாரும் ஓடலாம்.
பல் மருத்துவர், ஓய்வுபெற்ற நீதிபதி,
பால்பண்ணையில் இரவு வேலைக்கு முன்
மூன்று ஓட்டம் ஓடிவிட்டுப் போகிற எலிசியோ.
எங்கள் முழங்கால்களிலுள்ள உலோகத்தை உருக்கினால்
களத்துக்குப் புதிதாய் ஒரு கதவு செய்யலாம்.

சீட்டிலிருந்த பெயர் டோய்ல் பிக்கெட்.
பதினான்கு வருடம் என் கணவன்.
பத்தொன்பது வருடமாக இல்லை.

குலுக்க வேண்டாம் என்றேன்.
கட்டிய பணம் கட்டியதுதான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு:
அடைப்பிலிருந்து இளங்காளை பாயும்.
நான் இடப்பக்கம்; கொம்பில் கண்ணி எறிந்து
கயிற்றைச் சேணக் கொம்பில் சுற்றி
இடதுபுறம் திருப்பி இழுத்துப் போக வேண்டும்.
வலப்பக்கம் வருகிறவன்
பின்னங்கால்கள் தரையை விட்டெழும் இமைப்பொழுதில்
அடியில் கண்ணியை வைக்க வேண்டும்.
எறிவதல்ல, வைப்பது.
ஒற்றைக் கால் என்றால் ஐந்து விநாடி அபராதம்.
காளைக்கு முன்பே நான் பாய்ந்துவிட்டால் பத்து.
முடிச்சு கிடையாது, சுற்றிப் பிடித்திருப்பதுதான்.
விட்டால் விட்டதுதான்.

ஐம்பது தாண்டியவர்கள்
கயிற்றைச் சேணத்தோடு கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை உண்டு.
டோய்ல் கட்டிக்கொள்கிறான்.
எண்பத்தெட்டில், க்ளோவிஸில்,
சுற்றில் சிக்கிப் போனது அவன் வலது கட்டைவிரல்.
பியர் புட்டிகளுக்கு நடுவே ஐஸில் அதை வைத்து
நான்தான் வண்டியோட்டினேன்.
நான் இன்னும் சுற்றித்தான் பிடிக்கிறேன்.
ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பத்தா என்று எண்ணிக்கொள்கிறேன்.

பெட்டிக்குள் குதிரைகளைப் பின்வாங்கி நிறுத்தினோம்.
நடுவில் காளை, கொம்பில் பச்சைத் துணிக்காப்பு.
அவன் தொப்பி விளிம்பைத் தொட்டான்.
"முந்தாதே, வெல்டா" என்பான் என்று காத்திருந்தேன்.
கடைவாசலில் சொல்வான், படுக்கையில் சொல்வான்,
வக்கீல் அறையிலும் சொன்னான்.
சொல்லவில்லை.
தலையசைத்தேன்.

இரும்புக்கதவின் சத்தம்.
டீக்கனுக்கு வயது பதினெட்டு,
எப்போது பாய வேண்டுமென்று என்னைவிட அதற்குத் தெரியும்.
மூன்று சுழற்றல். எறிந்தேன்.
வலக்கொம்பு, இடக்கொம்பு.
ஒரு சுற்று, இரண்டு,
கட்டைவிரல் மேலே.
இடப்பக்கம்.

அதன்பின் வேலை நம்புவது மட்டும்.
வருகிறவன் வருவானென்று
கயிற்றின் கனத்தைக் கேட்டபடி போக வேண்டும்.
கனம் மாறியது.

கொடி அப்போதும் விழாது.
இரண்டு கயிறும் விறைத்து
இரண்டு குதிரையும் நேருக்கு நேர் நின்றால்தான்
கொடிக்காரர் கையை இறக்குவார்.
டீக்கனைத் திருப்பினேன்.

நாற்பதடி தூரத்தில் டோய்ல்.
மீசை முழுக்க வெள்ளை.
இவன் எப்போது கண்ணாடி போட்டான்?
நடுவில் இருநூறு கிலோ உயிர்
இரு பக்கமும் இழுபட்டு மூச்சு வாங்குகிறது.
குற்றம் யார் பேரில் என்று அதற்குத் தெரியாது.
ஒரு விநாடி. அதற்கு மேல் இல்லை.

கொடி.

ஒலிபெருக்கி கரகரத்தது:
"பதினொன்று புள்ளி நான்கு. ஒற்றைக் கால்.
ஆகப் பதினாறு புள்ளி நான்கு."
வேலியோரம் யாரோ "அடடா" என்றார்கள்.
கயிறுகளைத் தளர்த்தினோம்.
காளை உடம்பை உதறிக்கொண்டு
பரிசு வாங்கியதைப் போல நடந்து போனது.

கதவருகே கயிற்றைச் சுருட்டியபடி சொன்னான்:
"நல்லாத்தான் திருப்பிக் கொடுத்தே.
நான்தான் ஒண்ணை விட்டுட்டேன்."
அந்த இரண்டாவது வரியைப் பதினான்கு வருடத்தில் கேட்டதில்லை.
டீக்கனின் வயிற்றுவாரைத் தளர்த்தும் சாக்கில்
கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன்.

"நாய் எப்படியிருக்கு?"
"அதுக்கப்புறம் இது மூணாவது நாய், டோய்ல்."

மாரிசெலா மறுபடி டப்பாவைக் குலுக்கினாள்.
பணம் கட்டும் வரிசையில் எனக்கு முன்னால் அவன்.
கட்டைவிரல் இல்லாத கைக்கு
புது நோட்டுகள் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை.
பின்னால் நின்றேன்.
உதவவில்லை.
அவசரப்படுத்தவும் இல்லை.