கட்டைவிரல் தூரம்

மனிதர்-கணினி ஊடாட்டம் படிக்கப் போகிறீர்களாம்,
முகிலரசி சொன்னாள்.
அறிவுரையாக நாலு வரி கேட்டாள்.
வரிசையாகச் சொல்ல எனக்கு வராது.
ஒரு பொத்தானைப் பற்றிச் சொல்கிறேன்.

பச்சைப் பொத்தான். 'வந்துவிட்டேன்' என்று எழுதியிருக்கும்.
திரையின் வலது கீழ் மூலையில் கிடந்தது.
அதை நடுவுக்கு நகர்த்தியவள் நான்.
நடுவில் லட்சணமாக இருந்தது.
காலியான மூலையில் 'இன்று விடுப்பு' வைத்தேன்.
கூட்டத்தில் ஒருவர்கூட மறுக்கவில்லை.

கம்பம்மெட்டுக்கு நான் போனது
அதற்கு மூன்று வாரம் கழித்து.
முன்னே போயிருக்க வேண்டும்.

மார்கழி இருட்டு. கோம்பையில் ஐந்தே காலுக்கு ஜீப்.
ஒன்பது பேர் வண்டியில் பதினேழு பெண்கள்,
என்னோடு பதினெட்டு.
மடியில் தூக்குவாளி,
தூக்குவாளி மேல் பக்கத்து ஆளின் முழங்கை.
கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும்
எல்லாரும் ஒரே உடம்பாகச் சாய்ந்தோம்.

பாடப்புத்தகத்தில் பயனர் எப்போதும் ஒருமை.
நாற்காலியில் இருப்பார்.
வெளிச்சம் இருக்கும்.
இரண்டு கையும் சும்மா இருக்கும்.

இங்கே பதினேழு பேருக்கு ஒரு போன்.
வனரோசாவுடையது, கண்ணாடியில் விரிசல்.
ஏலத்தோட்டத்துக்குள் டவர் கிடையாது.
சோதனைச்சாவடி தாண்டி
மலை அந்தப் பக்கம் சரியத் தொடங்கும் இடத்தில்
தமிழ்நாட்டுச் சிக்னல் செத்து
கேரளாவின் சிக்னல் பிறக்கும்.
வண்டன்மேட்டுத் திருப்பம் வரை உயிரோடிருக்கும்.
அதற்குள் போன் கைமாறிக் கைமாறிப் போகும்.
ஒரு கை கம்பியில்.
மறு கையின் கட்டைவிரல் மூலையைத் தொடும்.
யாரும் திரையைப் பார்ப்பதில்லை.

நான் நகர்த்திய மறுநாளும்
யாரும் பார்க்கவில்லை.

பதினேழு பேரும் அன்றைக்கு விடுப்பு.
மாலை நாலு மணிக்கு எடை போட்டபோது
விடுப்பில் இருந்தவர்கள் பறித்த காய்
சாக்கு சாக்காக அங்கேயே இருந்தது.
கணக்கர் ஔசேப்பு நல்ல மனிதர்தான்.
சாக்கைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்,
திரையை நம்பினார்.

இதெல்லாம் தெரியாமல்
கேள்வித்தாளோடு உட்கார்ந்திருந்தேன் நான்.
ஒன்று முதல் ஐந்துக்குள் எவ்வளவு திருப்தி?
ஒச்சம்மாள் யோசித்தார்.
"அஞ்சுன்னா நல்லதா, கெட்டதா?"
நல்லது என்றேன்.
"அப்ப அஞ்சே போட்டுக்கத்தா.
ஒன் வேலைக்கு ஒண்ணும் ஆயிறக் கூடாதுல்ல."

அந்த ஐந்து இன்னும் என் அறிக்கையில் இருக்கிறது.
உங்களுக்கும் கிடைக்கும் இப்படி ஐந்துகள்.
வாங்கிக்கொள்ளுங்கள், மறுக்க முடியாது.
ஆனால் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள்.
கேள்வித்தாளை மடித்து வைத்த பிறகுதான்
செல்லக்கிளி அந்த விடுப்புக் கதையைச் சொன்னார்,
சிரித்துக்கொண்டே,
யாரோ ஒரு கிறுக்கு பொத்தானை மாத்திவிட்டது என்று.

நான்தான் அது என்று சொல்ல
இரண்டு கொண்டை ஊசி ஆனது எனக்கு.
ஜீப்பில் ஓட்டுநர்கூட வாய் திறக்கவில்லை.
பிறகு யாரோ, "சரி, சாப்பிட்டியா?" என்றார்கள்.

கூலி வந்ததா என்று கேட்பீர்கள்.
பதினோரு பேருக்கு வந்தது.
ஆறு பேருடையதற்கு இன்னும் கடிதம் எழுதுகிறேன்.

மறுநாளும் அதே ஜீப்பில் ஏறினேன்,
தாள் இல்லாமல்.
சாவடி தாண்டியதும் போன் வரிசையாக வந்தது,
அடுத்தவளிடம் கொடுக்கச் சொல்லி
என் கையில் வைத்தார்கள்.
வளைவு. கம்பியைப் பிடித்தேன்.
திரையை வரைந்தவள் நான், எனக்குத் தெரியாதா?
என் கட்டைவிரல் நேரே
மூலைக்குப் போனது.

அங்கிருந்து இழுத்து மேலே தடவியபோது
கண்ணாடியில் ஏதோ தட்டுப்பட்டது.
சின்ன மேடு, வழவழப்பு.
பச்சைப் பொத்தானுக்கு ஒரு நூல் மேலே
வனரோசா ஒட்டி வைத்த
ஸ்டிக்கர் பொட்டு.