வந்து போகிறவர்களுக்கு

ஞாயிறு பின்னேரம் றவுட்டரைக் கவிழ்த்துப் பிடித்து
அதன் வயிற்றில் ஒட்டியிருந்ததை
டோர்ச் அடித்து வாசித்தேன்.
பூச்சியமா, ஓ-வா?
மூன்று தரம் பிழைத்தது. நாலாம் தரம் திறந்தது.

கந்தோரிலிருந்து கடிதம்:
சம்பளப் பட்டியலை வீட்டில் வைத்துச் செய்பவர்கள்
வந்து போகிறவர்களின் இணைப்பை
வேறாக்கி வைக்க வேண்டுமாம்.
கடிதம் வராவிட்டாலும் செய்திருப்பேன்.
பெரியப்பாவின் அந்தியேட்டியன்று
மார்க்கம், லூசர்ன், மெல்பேண் என்று
சொந்தமெல்லாம் ரீவித் திரையில்
கட்டங்கட்டமாய் அழுதுகொண்டிருக்க,
மேல்மாடி அக்கீலின் கார்ட்டூன் கரடி
நடுவில் குதித்து ஆடியது.
ஐயர் தர்ப்பை பிடித்த கையை
உயர்த்தியபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளையைக் குற்றம் சொல்ல ஏலாது.
எங்கள் கடவுச்சொல் ஊருக்கே பாடம்:
லிஃப்ட் திருத்த வந்த நிமல்சிரிக்கு,
என்னிடம் கணக்கியல் படிக்கும் ஆறு பேருக்கு,
அவர்களைக் கூட்டிப்போக வந்து நிற்கும் தகப்பன்மாருக்கு,
கீழே காவலிருக்கும் பியதாசவுக்கு.
ஒருமுறை பிரின்ரரிலிருந்து
யாருடையதோ விவாகரத்து மனு
இரண்டு பிரதி வந்து விழுந்தது.
நான் வாசிக்கவில்லை. முதல் பக்கம் மட்டும்.

'விருந்தினர் வலையமைப்பு' என்ற பெட்டியில்
சரி போட்டதும் கேள்விகள் தொடங்கின.
பெயர்?
எத்தனை பேர்?
எவ்வளவு காலம்?

இந்தப் படிவத்தை எனக்குத் தெரியும்.
பத்தொன்பது வயதில் நிரப்பியிருக்கிறேன்,
வெள்ளவத்தைப் பொலிசில், மூன்று பிரதி,
வாசிக்கத் தெரியாத சிங்கள எழுத்தை
முன்னால் நின்றவரின் தாளைப் பார்த்து வரைந்து.
தங்குபவர் பெயர். வந்த நோக்கம். போகும் திகதி.
பிளேன் ஏற வந்த சிவகடாட்சம் அண்ணைக்கு
ஏதோ ஒரு வியாழக்கிழமையைப் போட்டேன்.
விசா இழுபட்டது. வியாழன் போனது.
இரவு இரண்டு மணிக்கு வந்து
தலைகளை எண்ணினார்கள்.
தாளின்படி நாலு பேர். பாயில் ஐந்து.
பதினோராம் நாள் திரும்பி வந்தவர்
எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை,
பையை எடுத்துக்கொண்டு லொட்ஜுக்குப் போனார்.
அந்த வியாழக்கிழமையை எழுதியது நான்.

வாற வெள்ளி ஒஸ்லோவிலிருந்து வருகிறார்,
இரண்டு பெட்டைகளோடு.
இம்முறை எங்களிடம்தான் தங்குவாராம்.
அவருடைய மனிசி சொன்னா. அவர் சொல்லவில்லை.

பெயருக்கு 'வாங்கோ' என்று அடித்தேன்.
தமிழ் எழுத்துச் செல்லாது என்றது;
ஆங்கில எழுத்தில் அடித்தேன்.
எத்தனை பேர்?
ஆகக்கூடியது முப்பத்திரண்டாம். முப்பத்திரண்டு.
எவ்வளவு காலம்?
வெறுமையாய் விட்டால் எல்லை இல்லை என்று
சின்ன எழுத்தில் கிடந்தது.
விட்டேன்.
'விருந்தினர் வீட்டிலுள்ள கருவிகளைக் காணலாமா?'
இதில் கொஞ்ச நேரம் இருந்தேன்.
கந்தோர். சம்பளப் பட்டியல். கரடி.
கூடாது என்று போட்டேன்.

இரவு பட்டியலை அச்சடிக்கப் போனால்
பிரின்ரர் எதுவும் இல்லை என்கிறது லப்டொப்.
மேசையில் பச்சை விளக்கு எரிய
பக்கத்திலேயே இருக்கிறது பிரின்ரர்.
கம்பியைப் பார்த்தேன், மையைப் பார்த்தேன்,
தட்டியும் பார்த்தேன்.
பிறகுதான் கண்டேன்:
சரிபார்க்க ஒருக்கால் இணைத்த லப்டொப்
'வாங்கோ'விலேயே தங்கிவிட்டது,
பின்னேரம் ஐந்து மணியிலிருந்து.
மெயில் போயிருக்கிறது, பாட்டுப் படித்திருக்கிறது,
வேகத்தில் ஒரு குறையும் இல்லை.
வீட்டில் உள்ள ஒன்றும்
கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கடற்கரைப் பக்கம் ரயில் போக
யன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
'இந்த வலையமைப்பை மறக்கவா?' என்று கேட்டது திரை.
ஆம், இல்லை, இரண்டே பொத்தான்.
தேத்தண்ணியை முடித்துவிட்டு அமத்தலாம் என்று
கோப்பையைக் கையில் எடுத்தேன்.