சீட்டின் பின்பக்கம்

அரிசி டின்னுக்குள் பம்ப்பை ஒளித்தவன் நான்தான்.
"பழகிப்போயிரும் மாப்ள, ஆயுசுக்கும் விடாது" என்று
தறிக்கொட்டகையில் ஒருவன் சொன்ன
ஒரு வார்த்தைக்காக.
மூன்று வாரம்
மஞ்சள் மூடிப் புட்டியில் வந்த கஷாயம்.
யார் காய்ச்சியதென்று நான் கேட்கவில்லை.

நான்காம் வாரம், புதன் ராத்திரி,
செவ்வந்தியின் உதடு
ஊதா நூல்கண்டின் நிறத்துக்கு வந்தபோது
டின்னைக் கவிழ்த்தேன்.
தரையெல்லாம் ரேஷன் அரிசி.
கைக்கு அகப்பட்ட பம்ப்
வாய்நிறைய அரிசியோடு கிடந்தது.
செல்லூரிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ.
கோரிப்பாளையம் சிக்னலில் சிவப்பு.
டிரைவர் நிற்கவில்லை.
அவன் பெயரைக்கூடக் கேட்க மறந்தேன்.

விடிந்தபின் டாக்டர் ஹாஜிரா வந்தார்.
"பம்ப் போட்டீங்களா?"
"தீர்ந்துபோச்சு மேடம்" என்றேன்.
ஆவி மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு குரல்:
"அரிசிக்குள்ள இருந்துச்சு."

திட்டுவார் என்று தலை குனிந்தேன்.
அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து
பாண்டீஸ்வரியைப் பார்த்துக் கேட்டார்:
பிள்ளை எங்கே படுக்கிறாள்?
தறிக்கும் பாய்க்கும் நடுவே சுவர் உண்டா?
கொசுவத்தி எந்தப் பக்கம் புகைகிறது?
எந்தக் கிழமை மூச்சு வாங்குகிறது?

எத்தனை நாளாக என்றுதான்
இதுவரை கேட்டிருக்கிறார்கள்.
எந்தக் கிழமை என்று யாரும் கேட்டதில்லை.

பாண்டீஸ்வரி விரல்விட்டு எண்ணினாள்.
புதன். போன மாதமும் புதன்.
பொங்கலுக்கு முந்தினதும் புதன்.
"வியாழக்கிழமை என்னம்மா நடக்கும் வீட்டில?"
நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

நர்ஸ் கொடுத்த பழைய சார்ட்டின் முதுகில்
செவ்வந்தி வரைந்தாள்:
ஒரு பைக். கறுப்பு ஹெல்மெட்.
தோளில் குறுக்காக ஒரு பை.
ஹெல்மெட்டுக்குள் முகம் வரையவில்லை.
குழுக்கடன் வசூலுக்கு வரும் தம்பிக்கு
நல்ல முகம்தான்.
வாய்தான் தெரு முழுக்கக் கேட்கும்.

டாக்டர் அந்தப் படத்தை
எக்ஸ்ரேவுக்குப் பக்கத்தில் வைத்துக் கிளிப் போட்டார்.

மத்தியானம் சித்தா பிரிவுக்கு அனுப்பினார்கள்.
டாக்டர் இசக்கியப்பன்
மஞ்சள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.
"இதுல என்ன கெடக்குன்னு எனக்கே தெரியல.
தெரியாதத புள்ளைக்குக் குடுக்கலாமாய்யா?"
வாஷ்பேசினில் ஊற்றிக் குழாயைத் திறந்தார்.
எனக்குச் சுருக்கென்றது.
நானூறு ரூபாய் புட்டி.

அவர் ஹாஜிரா மேடத்துக்குப் போன் போட்டார்.
எந்த மருந்து, எத்தனை எடை, எத்தனை வேளை.
இருவரும் வெகுநேரம் பேசினார்கள்.
மகள் மூச்சைப் பற்றி
முன்பின் தெரியாத இரண்டு பேர்
அத்தனை நேரம் பேசுவதை
நான் நின்றுகொண்டே கேட்டேன்.
பிறகு அதே சீட்டைத் திருப்பிப்போட்டு
பின்பக்கம் எழுதினார்:
ஆடாதொடை மணப்பாகு, இத்தனை சொட்டு, இத்தனை நாள்.
அதற்குக் கீழே இரண்டு கோடிட்டு:
பம்ப்பை நிறுத்தக் கூடாது.

தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிப்
பம்ப்புக்கு வாய் பொருத்தத்
தரைத்தள அறையில் ஒரு பெண் கற்றுக்கொடுத்தாள்.
என் பாட்டில் மூன்று முறை கோணலாக வந்தது.
பத்து மீட்டர் துணியில்
ஒரு இழை தப்பினால் கண்டுபிடிப்பவன் நான்.

கொசுவத்தி போனது, வலை வந்தது.
பாய் பின்சுவருக்கு நகர்ந்தது.
தறித்தூசி எங்கேயும் போகவில்லை,
அதுதானே சோறு.

வியாழக்கிழமைகளில் நான் முன்னாலேயே போய்
தெருமுக்கில் நிற்கிறேன்.
பணம் இருந்தால் பணம்,
இல்லாவிட்டால் ஏச்சு,
எதுவானாலும் அங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.
பைக் திரும்பிப் போகும் சத்தம் கேட்டபிறகுதான்
வீட்டுக்கு வருவேன்.
சீட்டின் இரண்டு பக்கத்திலும் இது இல்லை.
ஹாஜிரா மேடம் வாயால் சொன்னது.

போன புதன் ராத்திரி லேசாக விசில் வந்தது.
வரத்தான் செய்யும் என்று சொல்லியிருந்தார்கள்.
செவ்வந்தி தானே எழுந்து உட்கார்ந்தாள்.
பம்ப்பை எடுத்து, மூடியைக் கழற்றி,
ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு
உள்ளே உற்றுப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.

"அரிசி இல்லப்பா."