தலைகீழ் ஆறு

மார்லிஸ் டோலஃப்சன்
நீளக் கழியோடு வெளியே வருகிறாள்.
நார்த் டகோட்டா, விடியாத ஐந்தரை,
மூக்குமயிர் உறையும் குளிர்.
எதிர்ச்சாரியில் கெர்மிட்
இரவோடு இரவாக இரண்டு சென்ட் குறைத்துவிட்டான்.

விலைப்பலகைக்கு இன்னொரு ஒன்பது வேண்டும்;
இருந்தது காற்றில் போயிற்று.
ஆறைத் தலைகீழாக மாட்டுகிறாள்.

டேங்கர்க்காரன் கணக்கு, கார்டுக் கம்பெனியின் கமிஷன் போக
காலனுக்கு மிஞ்சுவது
கையுறைக்குள் தொலைகிற காசு.
வங்கியில் அவள் சொல்லாதது:
இந்தக் கடையைத் தூக்கி நிறுத்துவது பெட்ரோல் அல்ல,
காபி.
அப்புறம், பூட்டாத கழிப்பறை.
சாவியைக் கேட்டு வாங்கச் சொன்ன வருஷம்
இந்தக் குளிரிலும் ஈ ஓட்டினாள்.

ஏழு மணிக்குக் கெர்மிட்டே வந்து நிற்கிறான்,
தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டதாம்.
பெரிய கோப்பை.
இரண்டு சென்ட் குறைக்கக் கூடாதா என்கிறான்.

மூடி இலவசம் என்கிறாள்.