பதினோராவது தூண்

பாஸ்டிமெந்தோஸ் தீவில் மழை விட்ட புதன்கிழமை
கழுத்தளவு நீரில் இறங்கிச் செனோபியா
பதினோராவது தூணைத் தட்டிப் பார்த்தாள்.
உளுத்த மரத்தைக் காது கண்டுபிடிக்கும்,
கண் வேண்டாம்.

கண் வேண்டியிருந்தது.
முழங்கைக்குக் கீழே சுரீரென்றது.

ஹைட்ராய்டு.
தூணோடு ஒட்டிய பழுப்பு இறகு,
அலை போகையில் சாய்ந்து
வருகையில் நிமிர்ந்து.
செடியென்று தொட்டவர்களிடம்
தான் விலங்கென்று சொல்ல
அதற்கு இருப்பது இந்த ஒரு மொழிதான்.
வாய் நூறு, வயிறு ஒன்று.
ஒரு வாயில் இறால்குஞ்சு விழுந்தால்
விழாத வாய்களும் பசியாறும்.

கரையில், அவளுடைய கொக்கோ மரத்தில்,
செவ்வால் அணில்.
வாய் ஒன்றுதான்.
இந்தப் பருவத்தில் முப்பத்தோரு காய் போயிற்று.
அல்மென்ட்ரோ விதைகளைக்
கூடப் பிறந்ததற்கும் தெரியாமல் புதைக்கும்,
பிறகு தனக்கும் தெரியாமல் போகும்.
அந்த மறதிதான் காடு என்பார்
மரம் விற்கும் ஓர்வில்.
மறதியைப் பற்றி அவருக்குத் தெரியும்,
பாதி ஊர் அவரிடம் கடன்.

இரண்டையும் எப்படிப் பக்கத்தில் நிறுத்துவது?
வாலை மட்டும் பார்த்தால் ஒரு வீட்டுப் பிள்ளைகள்.
ஒன்று, பிடித்த இடத்தை விடாது,
பிள்ளைகளை மட்டும் நீரோடு அனுப்பிவிடும்.
மற்றதற்குப் பயமும் ஓட்டம், ஆசையும் ஓட்டம்,
நின்றால் அது
அடுத்து எங்கே ஓடுவதென்ற யோசனை.

ஆனால் இந்தத் தூணும் அல்மென்ட்ரோ.
ஓர்வில் ரசீதில் ஒரு வரி:
‘கிளையில் அணில்கூடு. வெட்ட அரைநாள் தாமதம்.’
அவர் இரக்கப்பட்டு எழுதவில்லை,
கூலிக் கணக்கில் வந்துவிட்டது.
அணில் ஏறி இறங்கிய அதே மரத்தில்
இப்போது கடல்
தினம் இரண்டு முறை ஏறி இறங்குகிறது.

செனோபியா மேலே வந்து
வினிகர் ஊற்றினாள், ஊதினாள், திட்டினாள்.
கையில் மெல்லத் தடித்து எழுந்தன
மூன்று கோடுகள்.

கைப்பிடிக் கம்பத்தில் வந்து உட்கார்ந்தது அணில்.
அதன் முதுகில் ஒரு கோடும் இல்லை,
ஒரே செம்பழுப்பு,
யார் விரலும் படாத முதுகு.
நீர்மேல் பாதை போடுகிறவள் இவள்.
கோடு விழுந்ததும் இவள்மேல்தான்.

அதைத் துரத்தக் கை ஓங்கினாள், வலித்தது,
விட்டுவிட்டாள்.
பன்னிரண்டாவது தூண் பாக்கி.

ஆணி அடிக்காத புதுப் பலகையில்
முதலில் நடந்து போனது அணில்.
பலகை ஆடியது.
கீழே இறகு, அலை வந்த பக்கம் நிமிர்ந்தது.