மும்முனை மின்சாரம் வரும் நேரம்

மாசி அமாவாசை. கல்யாண ஆர்டர் இல்லை.
மண்டபத்து ஓமப்புகை இன்னும் விலகாத கேமராவை
எழுமலை தாண்டி
ஒரு வெங்காயக் காட்டு வரப்பில் நிறுத்தினேன்.
முக்காலியின் ஒரு கால்
ஈரமண்ணில் இறங்கிக்கொண்டே இருந்தது.
ஓட்டாஞ்சில்லு ஒன்றை அண்டக் கொடுத்தேன்.

கிழக்கே, நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலும்
அடுப்பணைக்காத மதுரை.
அதன் ஆரஞ்சு மூச்சில்
பால்வீதியின் ஒரு முனை கரைந்து போயிருந்தது.
தெற்கு முனை மட்டும் துலக்கிய பாத்திரம்.

இங்கே யாரையும் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை.
"சித்தப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" வேண்டியதில்லை.
கேட்டை, சிவப்பாக,
தானே நடுவில் வந்து நின்றது.

பதினைந்து விநாடி திறந்து மூடு.
இருபது பாகை திருப்பு.
முந்தைய படத்தின் தோளை
அடுத்த படம் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்,
தைக்கும்போது வானத்தில் கிழிசல் தெரியாதிருக்க.

நான்காவது படத்தில் ஒரு டார்ச் நுழைந்தது.
"யாரு, சர்வே எடுக்க வந்தீகளா?"
ஒச்சம்மாள்.
மும்முனை கரண்டு ரெண்டு மணிக்கே வந்தாச்சு,
மடை மாற்ற வந்திருக்கிறாள்.
வெளிச்சத்தைக் கொஞ்சம் அணைக்கச் சொன்னேன்.
"பாம்பு கெடக்கும் தாயி."
அதற்குமேல் கேட்க எனக்கு வாயில்லை.
எட்டாவது படத்திலும் அவளே.
நான் வானத்தைத் திருப்பிய வேகத்தில்
வரப்பைச் சுற்றி வந்துவிட்டாள்.
மோட்டார் சத்தம் மட்டும்
எந்தப் படத்திலும் விழவில்லை.

காளவாசல் அறையில், மத்தியானம், கணினி கேட்டது:
நகர்ந்தவை இரண்டு. பேயுரு என நீக்கவா?

நகர்ந்தது அவள் மட்டுமா?
முதல் படத்துக்கும் பதினான்காவதுக்கும் நடுவே
தேளின் கொடுக்கு
ஒற்றைப் பனையை விட்டு ஒரு விரல் ஏறியிருந்தது.
அதை மட்டும் இழுத்து, வளைத்து,
ஒன்றுமே நடக்காததுபோல் சரிசெய்துகொண்டது,
என்னைக் கேட்காமலே.

வேண்டாம் என்று அழுத்தினேன்.

இப்போது அந்த நீள வளைவுக்குக் கீழே
ஒரே பெண் இரண்டு இடத்தில் நிற்கிறாள்.
கையில் ஒன்று, கையில் ஒன்றாக இரண்டு வெளிச்சம்.
நடுவில் அவள் நடந்த தூரம்
இருட்டாகவே இருக்கிறது.

மகன் காசிமாயன் போனுக்கு அனுப்பிவைத்தேன்.
மறுநாள் பொழுது சாயக் குரல் வந்தது.
வானத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"தெக்குக் கடைசிப் பாத்தியப் பாரு தாயி.
மத்ததெல்லாம் மினுமினுங்குது,
அது மட்டும் செத்துக் கெடக்கு.
மடை அடைச்சிருக்கு.
ராத்திரி நானே பாக்கல,
ஒம் போட்டோல தெரியுது."

விரல் வைத்துப் பெரிதாக்கினேன்.
ஆமாம்.
ஏழு பாத்தியில் நட்சத்திரம்.
எட்டாவதில் மண்.